சின்னப் பட்டணமும் கடைக் கணக்கும்

(தோட்டத் தொழிலாளர் குடும்பங்களிடையே ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் தோட்டத்தைப் பற்றியது அன்று; தோட்டத்து மக்கள் சம்பள நாளன்று நடந்து சென்ற சின்னப் பட்டணத்தைப் பற்றியது. தோட்ட வரலாறு என்றால் துரை, கிராணி, கங்காணி, தொழிலாளி என்ற நால்வரை வைத்தே நாம் பேசி முடித்துவிடுகிறோம். ஐந்தாவதாக ஒருவர் இருந்தார், அவர் கடைக்காரர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நம் முன்னோர் அரிசியும் பருப்பும் கருவாடும் மண்ணெண்ணெயும் வாங்கியது அவரிடந்தான். ஆபீசு மேசையில் எண்ணி வைக்கப்பட்ட கூலி, லயத்துக்கு வந்து சேருமுன்பே அவருடைய கல்லாவுக்குப் போய்ச் சேர்ந்ததும் உண்டு. அக்கடைக்காரர் யார், அவரைச் சுற்றிலும் தொழில் நடத்தியவர்கள் யாவர், அவர்கள் கணக்கை எவ்வாறு எழுதினர், அந்தக் கணக்கிலே நம்மவர் நிலை என்னவாயிற்று என்பனவற்றை ஆராய்வதே இவ்வுரையின் நோக்கமாகும்.

பொதுப்படப் பேசுவதைவிட ஓர் ஊரை மனத்தில் வைத்துக்கொண்டு பேசுவது நன்று. சிலாங்கூர் மாநிலத்தின் உலு லங்காட் மாவட்டத்திலுள்ள காஜாங்கை எடுத்துக்கொள்வோம். இன்று அது பெரிய நகரம்; தலைநகரோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. நூறாண்டுகளுக்கு முன் அது லங்காட் ஆற்றங்கரையில் இருந்த ஒரு சிற்றூர். முதலில் அங்கே சீனர்களை அழைத்து வந்தது ஈயம். பிறகு ஐரோப்பியர் காப்பித் தோட்டங்களைத் திறந்தனர். பிரேசில் நாட்டுக் காப்பி உலகச் சந்தையில் வந்து குவிந்து விலை சரிந்தபோது, அத்தோட்டங்களில் ரப்பர் புகுந்தது. காஜாங்கில் இஞ்ச் கென்னத் தோட்டத்தை நடத்திய கிண்டர்ஸ்லி சகோதரர்கள், 1890-களின் நடுவிலேயே வாணிக நோக்குடன் ரப்பர் நட்ட முன்னோடிகளாவர். ஏறத்தாழ அதே காலத்தில் மலாக்காவில் டான் சாய் யான் என்ற சீனப் பெருமகனார் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். 1897-இல் கோலாலம்பூரிலிருந்து இரயில் பாதை காஜாங்கை எட்டியது. ஈயம், ரப்பர், இரயில் என்ற இம்மூன்றும் ஓரிடத்தில் கூடினால் அங்கே கடைவீதி ஒன்று எழாமல் இருக்குமா?

அக்காலக் கடைகள் முதலில் பலகைச் சுவரும் அத்தாப்புக் கூரையுமாக இருந்தன. 1881-இல் கோலாலம்பூர் தீயில் எரிந்த பின்னர், செங்கல்லும் ஓடும் கொண்டு கட்டவேண்டும் என்ற விதி அங்கே வந்தது. நாளடைவில் சிறு பட்டணங்களுக்கும் அவ்வழக்கம் பரவியது. கீழே கடை, மேலே குடியிருப்பு, முன்புறத்தில் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கி நடக்க ‘அஞ்சடி’ என்ற நடைபாதை என்ற அமைப்பை இன்றும் பழைய ஊர்களில் காணலாம். முகப்பின் உச்சியில் கட்டிய ஆண்டைப் பொறித்துவைக்கும் பழக்கம் பல ஊர்களில் இருந்தது. அடுத்த முறை பட்டணத்துக்குப் போகும்போது தலையை நிமிர்த்திப் பாருங்கள். 1920-களின் ஆண்டுகள் பல கண்ணில் படும். ரப்பர் விலை ஏறிய காலங்களில் கடைக்காரர் கையிலே பணம் நின்றது என்பதற்கு அக்கட்டடங்களே சான்று.

அந்த அஞ்சடியில் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை நடந்தால் யார் யாரைச் சந்தித்திருப்போம்? மளிகைக் கடையில் பெரும்பாலும் ஹொக்கியன் அல்லது ஹக்கா சீனர் இருந்தார். காப்பிக் கடையில் ஹைனான் தீவினர். இவர்கள் மற்றச் சீனர்களைவிடப் பிந்தி வந்தவர்கள். இலாபம் மிகுந்த தொழில்கள் யாவும் பிறர் கைக்குப் போய்விட்டதால் பலர் துரைமார் பங்களாக்களில் சமையற்காரராகச் சேர்ந்தனர். அங்கே ரொட்டி சுடவும் காப்பி கலக்கவும் கற்றுக்கொண்டு வந்து கடை திறந்தனர். சைக்கிள் பழுதுபார்ப்பவர் பல ஊர்களில் ஹெங்ஹுவா இனத்தவர். தச்சு வேலையில் காண்டனியர் பேர்பெற்றவர். மருந்துக் கடையிலும் அடகுக் கடையிலும் ஹக்காக்காரர்கள் மிகுதி. சீனர் என்று நாம் ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். ஆயினும் அவர்களுக்குள்ளேயே ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியாத நிலை அன்று இருந்தது.

நம்மவர் பக்கம் வருவோம். இராமநாதபுரம், தஞ்சாவூர், திருநெல்வேலிப் பகுதிகளிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் மசாலைச் சரக்கும் துணியும் விற்றனர். சோற்றுக் கடை நடத்தினர். முடி திருத்துவோர், சலவைத் தொழிலாளர், தங்க நகை செய்யும் பத்தர் ஆகியோர் வீதியின் ஓரத்தில் சிறு இடம் பிடித்திருந்தனர். பஞ்சாபியர் மாட்டு வண்டி ஓட்டினர், பால் விற்றனர், காவல் காத்தனர். அவர்களுள் சிலர் சிறு தொகைகளை வட்டிக்கும் கொடுத்தனர். மலாய்க்காரரும், ஜாவாவிலிருந்தும் சுமத்திராவிலிருந்தும் வந்தோரும் மீன், பழம், பலகாரம் விற்றனர். இன்று காஜாங் என்றவுடன் எல்லாருக்கும் நினைவுக்கு வரும் சாத்தே, ஜாவாவிலிருந்து வந்த குடும்பத்தினர் அங்கே வளர்த்த தொழிலாகும். 1941-ஆம் ஆண்டுப் போருக்கு முன் பல பட்டணங்களில் ஜப்பானியப் புகைப்படக்காரர்கூட ஒருவர் இருந்தார். இத்தனை பேரும் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டது சந்தை மலாயில். தோட்டத்தை நம்பிய சீனக் கடைக்காரரோ நம் தமிழையும் கற்றுக்கொண்டார். இலக்கணம் தவறினும், “மாரியம்மா, பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதா?” என்று அவர் கேட்டால் அந்த அன்பிற்கு என்ன குறை?

இப்பொழுது முக்கியமான செய்திக்கு வருகிறேன்.

தோட்டத்திலே கூலி நாட்கணக்கில் எழுதப்பட்டது. ஆனால் மாதம் ஒருமுறையே கையில் கொடுக்கப்பட்டது. வயிறு மாதம் ஒருமுறை பசிப்பதில்லை. ஆகவே இடைப்பட்ட நாட்களில் உண்பதற்குக் கடன் தேவைப்பட்டது. அந்தக் கடனைக் கொடுத்தவர் கடைக்காரர். அவர் ஈடு கேட்கவில்லை, சாட்சி கேட்கவில்லை, பத்திரம் எழுதவில்லை. “அண்ணே, எழுதிக்கொள்ளுங்கள்” என்று சொன்னால் எழுதிக்கொண்டார். கப்பலிலிருந்து இறங்கி, தனிமைப்படுத்தும் முகாமைக் கடந்து, அறியாத நாட்டில் வெறுங்கையுடன் வந்து நின்ற ஒருவனுக்கு, முகம் பார்த்து அரிசி அளந்து கொடுத்த மனிதர் அவர். கடைக்காரர் எல்லாரும் ஏமாற்றுக்காரர் என்று மேடையில் முழங்குவோரைக் கேட்டிருக்கிறேன். அது முழு உண்மையாகாது. அவருடைய நம்பிக்கை இல்லையேல், முதல் மாதத்தைத் தாண்டியிராத குடும்பங்கள் பல.

ஆயினும் அவர் கொடுத்தது தானமன்று. அவரும் கடனில்தான் வாழ்ந்தார். சரக்கைக் கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ இருந்த மொத்த வியாபாரியிடம் தவணைக் கடனாக எடுத்தார். ரொக்கம் வேண்டியபோது நகரத்தார் கடையை நாடினார். கோலாலம்பூரில் அம்பாங் தெரு அவர்களுடைய வீதியாக விளங்கியது. அங்கே ‘கிட்டங்கி’ எனப்படும் நீண்ட கூடத்தில், ஒரே கூரையின்கீழ்ப் பல நிறுவனங்கள் வரிசையாக அமர்ந்திருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெட்டகம், ஒரு சாய்வு மேசை, ஒரு பாய், அவ்வளவே. முதலாளி செட்டிநாட்டிலே இருப்பார். இங்கே மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்ற வரிசையில் ஆட்கள் இருப்பர். மேலாள் ஏறத்தாழ மூன்றாண்டு இருந்து கணக்கை ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்புவார். அந்நிறுவனங்களோ தம் சொந்த முதலோடு ஐரோப்பிய வங்கிகளிடமும் கடன் வாங்கிப் பணத்தைப் புரட்டின. ஆக, வங்கி நகரத்தாருக்குக் கொடுத்தது. நகரத்தார் கடைக்காரருக்குக் கொடுத்தார். கடைக்காரர் நம்மவருக்கு அரிசியாகக் கொடுத்தார். ஒவ்வொரு கை மாறும்போதும் அதன்மேல் ஒரு வட்டி ஏறியது. அத்தனை வட்டியையும் கடைசியில் சுமந்தவர், சங்கிலியின் கடைசிக் கண்ணியில் நின்ற பால்மரத் தொழிலாளியே.

அவர் வட்டி கொடுத்ததாக அவருக்கே தெரியாது என்பதுதான் இதில் வேடிக்கை. வேடிக்கை என்று சொல்வதும் பொருந்தாது. கடைக்காரர் வட்டி என்று ஒன்றை எழுதமாட்டார். விலையிலே சேர்த்துவிடுவார். ரொக்கத்துக்கு ஒரு விலை, பற்றுக்கு ஒரு விலை. இதை ஒரு கணக்கின் வழியே காண்போம். விலை உயர்வுக்கு நான் எடுத்துக்கொள்ளும் எண் விளக்கத்துக்காக வைத்தது. கூலி மட்டும் உண்மையானது. 1920-களின் இறுதியில் சிலாங்கூரில் அரசு நிர்ணயித்த தரக்கூலி ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. மாதம் 24 நாள் வேலை என்றால் கணவனுக்கு 12 வெள்ளி, மனைவிக்கு 9 வெள்ளி 60 காசு. இருவருக்கும் சேர்த்து 21 வெள்ளி 60 காசு. அதில் 18 வெள்ளிக்குக் கடையில் பற்று என்று கொள்வோம். ரொக்க விலையைவிட வெள்ளிக்கு 10 காசு கூடுதல் என்றால், மாதம் 1 வெள்ளி 80 காசு மிகையாகப் போகும். பன்னிரண்டு மாதத்துக்குப் பெருக்குங்கள்: 21 வெள்ளி 60 காசு. கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு மாதம் முழுவதும், விடியற்காலைப் பெரட்டுக்கு எழுந்து, பனியில் நனைந்து, பால் வெட்டி, வாளி சுமந்து ஈட்டிய கூலி அது. ஆண்டில் ஒரு மாத உழைப்பு கடனுக்காகவே கழிந்தது. யாரும் திருடவில்லை, கணக்கிலும் பிழையில்லை.

பிழை இருந்தாலும் கண்டுபிடிக்க வழியுண்டா என்பது அடுத்த கேள்வி. ஆசிரியப் பயிற்சி பெற்றவன் என்ற முறையில் என்னை மிகவும் உறுத்தும் செய்தி இதுவே.

அக்காலத் தோட்டத் தொழிலாளியின் பெயர் பல புத்தகங்களில் இருந்தது. தோட்டத்து ஆபீசில் இருந்த செக்ரோல் ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. கிராணியே எழுதினார், கிராணியே படித்தார். சீனக் கடைக்காரரின் பேரேடு தூரிகையாலும் மையாலும் மேலிருந்து கீழாக எழுதப்பட்டது. அதில் பயன்பட்ட எண்கள் நாம் பள்ளியில் படிக்கும் 1, 2, 3 அல்ல. சீன எழுத்திலே அச்சிட்ட நூல்களில் வரும் எண்களும் அல்ல. சூச்சௌ எண்கள் எனப்படும் வணிகர் குறிகள் அவை. ஒன்றுக்கு ஒரு நேர்க்கோடு, இரண்டுக்கு இரண்டு கோடு, மூன்றுக்கு மூன்று கோடு. நான்குக்கு நாம் பெருக்கலுக்குப் போடும் குறி போன்றதொரு வடிவம். ஐந்து முதல் தனித்தனி உருவங்கள். விரைவாக எழுதுவதற்கு ஏற்ற முறை, அறிந்தவருக்கு எளிது. நம்மவருக்கோ அது கோடும் கொக்கியும். முனியாண்டி, மாரிமுத்து என்ற பெயர்களைச் சீனத்தில் எழுத எழுத்தில்லை. ஒலிக்கு ஏறக்குறைய ஒத்து வரும் எழுத்துகளைப் போட்டு எழுதிக்கொண்டார்கள். ஒரே தோட்டத்தில் ஆறு முனியாண்டிகள் இருந்தால் எந்த முனியாண்டியின் அரிசி எந்தப் பக்கத்தில் ஏறியது என்பதைக் கடைக்காரரின் நினைவுதான் சொல்லவேண்டும்.

கூட்டலுக்கு மணிச்சட்டம். குறுக்குச் சட்டத்துக்கு மேலே இரண்டு மணி, கீழே ஐந்து மணி. மேல்மணி ஒன்றுக்கு மதிப்பு ஐந்து. சடசடவென்று மணிகள் ஓடும். ஒரு தொகை வாயில் வரும். அதைக் கொடுத்துவிட்டு வரவேண்டியதுதான். அவர் கூட்டியது சரியாகவே இருந்திருக்கும் என்று நான் நம்புகிறேன். ஆனால் சரிபார்க்க முடியாதவனுக்குச் சரியான கணக்கும் தவறான கணக்கும் ஒன்றுபோலவே தோன்றும். அதனால்தான் ஒரு நேர்மையான கடைக்காரர்மீதும் லயத்திலே வீண் ஐயம் எழுந்தது; நேர்மையற்றவர் ஒருவர் ஐயத்துக்கே ஆளாகாமல் தப்பியதும் உண்டு.

“எழுதியது சீனத்தில் என்பதால்தானே இந்தத் தொல்லை? தமிழில் எழுதியிருந்தால்?” என்று நீங்கள் கேட்கலாம். நகரத்தார் தமிழில்தான் எழுதினர். பிள்ளையார் சுழி இட்டு, தமிழ் எண்களாலேயே நாளேடும் பேரேடும் எழுதினர். பத்துக்கும் நூறுக்கும் ஆயிரத்துக்கும் தனிக் குறிகள். முக்கால், அரைக்கால், மாகாணி என்று பின்னங்களுக்கும் தனிக் குறிகள். ஐந்தொகையில் ஒரு காசு இடித்தாலும் இரவு முழுவதும் விளக்கேற்றி உட்கார்ந்து தேடிய அந்த ஒழுங்கை நான் வியக்கிறேன். ஆயினும் அத்தமிழும் நம் தொழிலாளிக்குச் சீனமாகவே இருந்தது. அவர் எந்த எழுத்தையும் படித்தவரல்லர். அடகுக் கடைச் சீட்டின் கதை இன்னும் விந்தையானது. அதிலே எழுதப்படும் கிறுக்கெழுத்தைச் சீனம் கற்றவரே படிக்கத் திணறுவர். அத்தொழிலில் இருப்பவர்க்கே அது விளங்கும். தாலிக்கொடியை வைத்துவிட்டு வந்த தாய்மார், அந்தச் சீட்டின் நிறத்தையும் மடிப்பையும் வைத்தே அடையாளம் கண்டனர்.

நம் முன்னோர் முற்றிலும் கையற்று இருந்துவிடவில்லை. லயத்துச் சுவரில் கரிக்கோடு இழுத்து வேலை நாட்களை எண்ணியவர்களைப் பற்றி முதியோர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். கயிற்றில் முடிச்சிட்டு அரிசிக் கணக்கை வைத்துக்கொண்ட பெண்களும் உண்டு. கடைக்காரரின் கோட்டுக்கும் நம்மவரின் கரிக்கோட்டுக்கும் வடிவிலே பெரிய வேறுபாடில்லை. ஆனால் வழக்கு என்று வந்தால் புத்தகத்துக்கு இருந்த மதிப்புச் சுவருக்கு இல்லை.

அளவை பற்றியும் ஒரு சொல். ஊரிலே படியால் அளந்து பழகியவர்கள் இங்கே வந்து சுப்பாக்கு, கந்தாங் என்ற அளவைகளைக் கண்டனர். நான்கு சுப்பாக்கு ஒரு கந்தாங். கந்தாங் என்பது ஒரு காலன். நிறையிலோ கட்டி, தாயில், பிக்கல். பதினாறு தாயில் ஒரு கட்டி. நூறு கட்டி ஒரு பிக்கல். ஆங்கிலேயர் கணக்கில் ஒரு கட்டி என்பது ஒன்றே காலே சொச்சம் இராத்தல், துல்லியமாகச் சொன்னால் ஒன்றும் மூன்றிலொரு பங்கும். தோட்டத்தில் ரப்பர் இராத்தலில், கடையில் பருப்பு கட்டியில், அரிசி கந்தாங்கில் என்றால் எவருக்குத்தான் தலை சுற்றாது? நிறுப்பதற்கு ‘டாச்சிங்’ என்ற கோல் தராசு. ஒரு நீண்ட கோல், ஒரு புறம் தட்டு, மறுபுறம் கோலின்மேல் நகரும் குண்டு. கோலிலே பொறித்த புள்ளிகளைப் படிக்கத் தெரிந்தால்தான் எவ்வளவு நிற்கிறது என்பது தெரியும். தட்டைவிட்டு எதிர்ப்புறத்தில் நின்று பார்ப்பவருக்குப் புள்ளிகள் தெரியா. 1972-ஆம் ஆண்டின் எடை அளவைச் சட்டத்துக்குப் பின் நாம் படிப்படியாகக் கிலோகிராமுக்கு மாறினோம். இருந்தும் சந்தையில் ‘ஒரு கட்டி’ என்று கேட்கும் வாய் இன்னும் ஓயவில்லை.

கங்காணியைச் சொல்லாமல் கடையைச் சொல்லி முடிக்க இயலாது. தன் கீழ் வேலைக்கு வந்த ஒவ்வோர் ஆளுக்கும் நாளொன்றுக்கு இவ்வளவு என்று அவருக்குத் தலைக்காசு கிடைத்தது. ஆட்கள் தோட்டத்தை விட்டு ஓடாமல் இருந்தால் அவருக்கு ஆதாயம். கடனில் இருக்கும் ஆள் எளிதில் ஓடமாட்டான். ஆகவே சில தோட்டங்களில் கங்காணியே கடை வைத்தார்; சிலவற்றில் கடைக்காரரோடு கூட்டு வைத்தார். சம்பள நாளன்று ஆபீசு வாசலிலேயே கடைக்காரர் புத்தகத்தோடு நின்றிருப்பார். கங்காணி பக்கத்தில் நின்று பேர் சொல்லி அழைப்பார். ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் நின்றுவிட்டது என்று சரித்திரப் புத்தகத்தில் படிக்கிறோம். சட்டத்திலிருந்து அது நின்றது. கடைப் புத்தகத்தில் அதன் நிழல் பலகாலம் தங்கியிருந்தது.

ரப்பர் விலையோ ஊஞ்சல் ஆடியது. 1910-இல் இலண்டன் சந்தையில் ஓர் இராத்தல் 12 ஷில்லிங் 9 பென்னி வரை ஏறியது. நம் வெள்ளிக்கு அப்போது 28 பென்னி என்ற கணக்கில் அது ஏறத்தாழ ஐந்தரை வெள்ளி. பட்டணத்தில் புதுக்கடைகள் எழுந்தன. முதல் உலகப் போர் முடிந்ததும் 1919-இல் அரிசிப் பஞ்சம் வந்தது. பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வரவேண்டிய அரிசி சுருங்கியது. அரசு தலையிட்டு அரிசியைப் பங்கீடு செய்யவேண்டியதாயிற்று. அடுத்து 1920-இல் ரப்பர் விலை விழுந்தது. 1922-இல் உற்பத்தியைக் குறைக்கும் ஸ்டீவன்சன் திட்டம் வந்து 1928 வரை நீடித்தது. அதற்கெல்லாம் பெரிய அடி பின்னர் விழுந்தது. 1932-இல் அதே ஓர் இராத்தல் ரப்பர் இரண்டு பென்னிக்கும் கீழே போயிற்று. நம் காசில் ஏழு காசுகூட இல்லை.

அப்போது சங்கிலியின் கண்ணிகள் ஒவ்வொன்றாக அறுந்தன. 50 காசுக் கூலி 40 ஆயிற்று. பின்னர் 30 காசுக்கும் கீழே சென்ற இடங்கள் உண்டு. வேலையிழந்த பல்லாயிரக்கணக்கான தமிழ் நாட்டுத் தொழிலாளர் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டனர். ஒருவர் கப்பலேறினால் கடைக்காரரின் பேரேட்டில் ஒரு பக்கம் செத்தது. தோட்டம் ஒன்று ஆட்குறைப்புச் செய்தால் ஒரு புத்தகமே செத்தது. கடைக்காரர் மொத்த வியாபாரிக்குக் கட்ட முடியவில்லை. நகரத்தாருக்கும் கட்ட முடியவில்லை. பலகையை இழுத்து மூடினார். நகரத்தார் கையில் ரொக்கத்துக்குப் பதிலாக நிலப் பட்டாக்கள் வந்து சேர்ந்தன. விற்றால் வாங்க ஆளில்லாத ரப்பர் நிலங்கள் அவை. மலாய்ச் சிறு விவசாயிகளின் நிலங்கள் கடனுக்காக ஏலம் போவதைத் தடுக்க, மலாய்க் கூட்டு மாநிலங்களில் 1931-இல் சிறு நில உடைமை விற்பனைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. நிலம் இருந்தவனைக் காக்கச் சட்டம் வந்தது. அதை நான் குறைசொல்லவில்லை, அது தேவையான சட்டமே. ஆனால் நிலமே இல்லாதவனுக்கு ஏலத்தில் இழக்க என்ன இருந்தது? காதிலிருந்த தோடும் கழுத்திலிருந்த கொடியும் அடகுக் கடைக்குப் போயின.

அந்த இருண்ட ஆண்டுகளிலும் பலகையை மூடாமல், பழைய பாக்கியைக் கேளாமல், நாளுக்கு ஒரு சுப்பாக்கு அரிசி கொடுத்த கடைக்காரர் சிலர் இருந்தனர் என்று முதியோர் நன்றியோடு சொல்வர். அவர்களுடைய பெயர் எந்தப் பலகையிலும் பொறிக்கப்படவில்லை. சீனர், தமிழர், முஸ்லிம் என்ற வேறுபாடு அதில் இல்லை. அதே காலத்தில், இருக்கும் அரிசிக்கு இரட்டை விலை எழுதியவர்களும் இருந்தனர். அவர்களும் எல்லா இனத்திலும் இருந்தனர்.

மாற்றம் எங்கிருந்து வந்தது? கடைக்காரர் திருந்தியதால் வரவில்லை. இரண்டு சட்டங்களைச் சொல்லவேண்டும். முதலாவது, மலாய்க் கூட்டு மாநிலங்களில் 1922-இல் வந்த கூட்டுறவுச் சங்கச் சட்டம். அவ்வாண்டு முதலில் பதிவு பெற்றது அஞ்சல் தந்தி ஊழியரின் சிக்கன நாணயச் சங்கமாகும். பிறகு அம்முறை தோட்டங்களுக்கும் வந்தது. மாதந்தோறும் சிறு தொகையைச் சேர்த்து, தேவை வந்தபோது சங்கத்திலேயே குறைந்த வட்டிக்குக் கடன் பெறலாம் என்றாயிற்று. எல்லாத் தோட்டங்களிலும் அது வேரூன்றவில்லை. வேரூன்றிய இடங்களில் அடகுக் கடைக்கு நடக்கும் நடை குறைந்தது. இரண்டாவது, 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் அத்தோட்டத்தில் பள்ளி நடத்தவேண்டும் என்று அது விதித்தது. அப்பள்ளிகள் பலவற்றைப் பள்ளி என்று சொல்லவே மனம் கூசும். பழைய கொட்டகையில், ஓய்வு நேரக் கிராணியோ கங்காணியோ பாடம் சொன்ன இடங்களும் இருந்தன. அப்படியிருந்தும் அங்கே எண்ணும் எழுத்தும் கற்ற பத்து வயதுப் பிள்ளை ஒன்று, தந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு கடைக்குப் போய், “இதில் என்ன எழுதியிருக்கிறது?” என்று கேட்கத் தொடங்கியது. அக்கேள்விக்குப் பிறகு கடைக்காரர் எழுதும் முறையும் மாறவேண்டியதாயிற்று.

பிற்காலத்தில் வந்த ‘555’ புத்தகத்தை அறியாதார் இங்கே யாரும் இரார். முகப்பில் அந்த எண்ணை அச்சிட்ட, சட்டைப் பையில் அடங்கும் சிறு குறிப்பேடு. கடன் என்றாலே நம் நாட்டில் எல்லா இனத்தாரும் ‘மூன்று ஐந்து புத்தகம்’ என்று சிரித்துக்கொண்டே சொல்லும் அளவுக்கு அது பேர் பெற்றுவிட்டது. சிரிப்புக்குரிய பொருளாக எனக்கு அது தோன்றவில்லை. அதில் எல்லாருக்கும் தெரிந்த எண்கள் இருந்தன. ஒன்று கடைக்காரரிடம், ஒன்று வாங்குவோரிடம் என்று இரண்டு புத்தகம் வைத்த இடங்களும் உண்டு. கயிற்று முடிச்சும் கரிக்கோடும் செய்ய முடியாத வேலையை, சில காசு விலையுள்ள அந்தக் காகிதம் செய்தது.

இன்று பற்று வேறு உருவங்களில் வருகிறது. தவணை முறையில் மோட்டார் சைக்கிள், தவணை முறையில் தட்டுமுட்டுச் சாமான், சுவரொட்டியில் தொலைபேசி எண்ணைப் போட்டு அழைக்கும் வட்டிக்காரர் என்று பட்டியல் நீள்கிறது. வட்டிக்குப் பணம் கொடுப்போர் உரிமம் பெற்றிருக்கவேண்டும் என்பதும், ஒப்பந்தத்தில் இரு தரப்பாரும் கையெழுத்திட்டு, பணம் கொடுக்கப்படுமுன் அதன் படி ஒன்றைக் கடன் வாங்குபவரிடம் கொடுத்தாக வேண்டும் என்பதும் 1951-ஆம் ஆண்டின் வட்டிக்கடைச் சட்டத்தில் உள்ளன. படி கொடுக்க மறுப்பவரிடமும், எழுதாத வெள்ளைத்தாளில் கையெழுத்துக் கேட்பவரிடமும், வங்கி அட்டையை வாங்கி வைத்துக்கொள்பவரிடமும் போகாதீர்கள். அத்தகையோரிடம் ஏற்கெனவே சிக்கியிருப்பவர் இருந்தால், மறைத்து வைக்காமல் தொழிற்சங்கத்தாரிடமோ காவல் நிலையத்திலோ சொல்லவேண்டும்.

கடையில் இன்னும் பற்று வைப்போருக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவே. புத்தகம் உங்களிடமும் ஒன்று இருக்கட்டும். பொருளை வாங்கும்போதே, கடையில் நின்றபடியே, நாளும் பொருளும் எடையும் விலையும் எழுதுங்கள். வீட்டுக்குப் போய் எழுதலாம் என்றால் பாதி மறந்துபோகும். ரொக்கத்துக்கு என்ன விலை, பற்றுக்கு என்ன விலை என்று கேளுங்கள். கேட்டால் கோபிக்கும் கடைக்காரர் மிகச் சிலரே. படிக்கத் தெரியாத பெரியவர்கள் பேரப் பிள்ளையை அழைத்துச் செல்லுங்கள். பிள்ளைக்கும் அது நல்ல கணக்குப் பாடம். சம்பள நாளன்று இரண்டு புத்தகத்தையும் பக்கத்தில் வைத்துக் கூட்டுங்கள். தொகை ஒத்து வந்தால் குறுக்கே ஒரு கோடு இழுத்து, கடைக்காரரைக் கையெழுத்திடச் சொல்லுங்கள். உங்கள் புத்தகத்தைக் கடையில் விட்டுவராமல் வீட்டுக்குக் கொண்டுவாருங்கள்.